சாக்லேட் பை (pie): ராத்திரி கெட்டியா இருந்த கஸ்டர்ட் காலையில தண்ணியா ஓடுது, உதவி வேணும்

மதுரைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு பிறந்தநாளுக்குக் கேக்குக்குப் பதிலா அடுக்கு சாக்லேட் பை செஞ்சேன். எல்லாமே வீட்டுலதான். 9 அங்குலத் தட்டு. அடியில மைதா வெண்ணெய் ஓடு, அதுக்கு மேல மெல்லிசா கனாஷ் (சூடான க்ரீம்ல சாக்லேட்டை உருக்கிக் கலக்கினது), அதுக்கு மேல சாக்லேட் கஸ்டர்ட், உச்சியில அடிச்ச க்ரீம்.

கஸ்டர்ட் அளவு: பால் 500 மிலி, மஞ்சள் கரு 4, சோள மாவு 35 கிராம், சர்க்கரை 90 கிராம், டார்க் சாக்லேட் 120 கிராம். அடுப்புல இருந்து இறக்கும்போது கரண்டியில நிக்கிற அளவுக்குக் கெட்டியா இருந்துச்சு. ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ்ல வச்சேன். காலையில கத்தி வச்சதும் பாயசம் மாதிரி ஓடிருச்சு. அடியில இருந்த மாவு ஓடும் நமத்துப் போச்சு. சோள மாவு பத்தலையா? வர்ற ஞாயிறு மறுபடி செஞ்சு பொண்ணுக்குக் குடுக்கணும்.

அடுமனை அண்ணன்:
அளவு சரியா இருக்கும்மா, மாவைக் கூட்டாதீங்க. கூட்டினா வாயில மாவு வாடைதான் வரும். ரெண்டு விஷயம் சொல்லுங்க. கஸ்டர்ட் கொதிச்சுதா? கொதிச்சுதுன்னா எவ்வளவு நேரம்?

மதுரைக்காரி:
கொதிக்க விடலைண்ணா. முட்டை திரிஞ்சிடும்னு பயம். கெட்டியாக ஆரம்பிச்சதும் இறக்கிட்டேன். நான் படிச்ச ஒரு குறிப்புலயும் கொதிக்கவே கூடாதுன்னு இருந்துச்சு.

அடுமனை அண்ணன்:
தப்பு அங்கதான் இருக்கு. மஞ்சள் கருவுல அமைலேஸ்னு ஒரு நொதி இருக்கு. மாவுச்சத்தைச் சிதைக்கிறதுதான் அதோட வேலை. சோள மாவு கெட்டியாகிற சூட்டுல அது சாகாது. கண்ணுக்குக் கஸ்டர்ட் வெந்த மாதிரி தெரியும், நாமளும் இறக்கிடுவோம். உள்ள உயிரோட இருக்கிற நொதி ராத்திரி பூரா மாவைக் கொஞ்சம் கொஞ்சமா அறுத்துக்கிட்டே இருக்கும். அதனாலதான் ராத்திரி கெட்டி, காலையில தண்ணி.

நீங்க படிச்ச குறிப்பு மாவு போடாத கஸ்டர்டுக்கு எழுதினதா இருக்கும். பாலும் முட்டையும் சர்க்கரையும் மட்டும் இருந்தா 85 டிகிரி தாண்டினதுமே திரிஞ்சிடும், அதுக்கு அந்த எச்சரிக்கை சரி. சோள மாவு சேர்ந்துட்டா கதை வேற. ஊதிப்போன மாவு முட்டையோட புரதத்தை ஒண்ணோட ஒண்ணு சீக்கிரம் ஒட்ட விடாது. தைரியமா கொதிக்க வைக்கலாம், வைக்கவும் வேணும்.

அடிகனமான பாத்திரம், மிதமான தீ. விஸ்க்கால (கம்பி மத்து) நிறுத்தாம கிண்டுங்க, மூலையையும் சேர்த்து. கெட்டியான கஸ்டர்ட் பால் மாதிரி பொங்காது. களி வேகும்போது வருமே, அப்படி பொளக் பொளக்னு பெரிய குமிழியா வெடிக்கும். கிண்டிக்கிட்டே இருந்தா குமிழி தெரியாது, அஞ்சு நொடி கையை நிறுத்திப் பாருங்க. முதல் குமிழி வெடிச்சதும் கடிகாரத்தைப் பார்த்து முழுசா ரெண்டு நிமிஷம். அப்புறம் இறக்கி, சாக்லேட்டைப் போட்டுக் கலக்கி, வடிகட்டுங்க.

இன்னொண்ணு, ருசி பார்த்த கரண்டியைத் திரும்ப உள்ள விடாதீங்க. நம்ம எச்சில்லயும் அதே வேலையைச் செய்யிற நொதி இருக்கு.

மதுரைக்காரி:
ருசி பார்த்த கரண்டியாலதான் கிண்டினேன்! இப்ப புரியுது. ஓடிப்போனதை என்ன செய்யலாம்? தூக்கிப் போட மனசு வரலை.

அடுமனை அண்ணன்:
கஸ்டர்டை மட்டும் வழிச்சு குல்ஃபி அச்சுல ஊத்தி உறைய வைங்க. பிள்ளைங்க சாப்பிட்டுடுவாங்க.

கோவை அடுப்படி:
மாவு ஓட்டைப் பத்தி நான் சொல்றேன் தோழி. மாவை விரிச்சுத் தட்டுல அழுத்தினதும் அரை மணி நேரமாவது ஃப்ரிட்ஜ்ல வைங்க, இல்லேன்னா ஓரம் சுருங்கிக் கீழ இறங்கிடும். நம்ம ஊர்ச் சூட்டுல வெண்ணெய் கையிலயே உருகிடுது. நான் மாவையும் கிண்ணத்தையும்கூட குளிர வச்சுட்டுத்தான் ஆரம்பிப்பேன். அப்புறம் பட்டர் பேப்பர் போட்டு, மேல கனத்துக்கு வேகவைக்காத காஞ்ச ராஜ்மாவை விளிம்பு வரைக்கும் நிரப்பி, 200 டிகிரில 18 நிமிஷம். பேப்பரையும் ராஜ்மாவையும் எடுத்துட்டு வெறும் ஓட்டை 180ல இன்னும் 12 நிமிஷம். அடிப்பாகம் பொன்னிறமா ஆகணும். வெளுப்பா இருக்கும்போதே எடுத்தா கண்டிப்பா நமத்துப் போகும். (அந்த ராஜ்மாவை இனி சமைக்க முடியாது. டப்பாவுல போட்டு வச்சா அடுத்த தடவைக்கு ஆகும்.)

ஓடு முழுசா ஆறின பிறகுதான் கனாஷ். சூட்டோட ஊத்தினா உருகி உள்ள இறங்கிடும்.

முட்டை சேர்க்காதவள்:
எங்க வீட்டுல முட்டை ஆகாது. இதே பிரச்சினை எனக்கும் வருமா அண்ணா?

அடுமனை அண்ணன்:
வராதும்மா. மஞ்சள் கரு இல்லேன்னா அந்த நொதியும் இல்லை. சோள மாவை மட்டும் 45 கிராமாக்கிக்கோங்க, கடைசியில வெண்ணெய் 30 கிராம் சேருங்க. பச்சை மாவு வாடை போக ஒரு நிமிஷக் கொதி போதும்.

மதுரைக்காரி:
ஞாயித்துக்கிழமை செஞ்சுட்டேன்! ரெண்டு நிமிஷமும் மனசுல எண்ணிக்கிட்டே கிண்டினேன், திரியவே இல்லை. மேல ஆடை கட்டாம இருக்க பட்டர் பேப்பரைக் கஸ்டர்ட் மேலயே ஒட்டினாப்புல போட்டு வச்சேன். காலையில வெட்டினப்போ மூணு அடுக்கும் தனித்தனியா தெரிஞ்சுது. பொண்ணு ஓரத்து ஓட்டை மட்டும் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டா. அண்ணனுக்கும் தோழிக்கும் மனசார நன்றி.

க்ரீம் மட்டும் இன்னும் நிக்கலை. பாக்கெட்ல கொழுப்பு 25 சதவீதம்னு போட்டிருக்கு.

கோவை அடுப்படி:
அது கனாஷுக்கு நல்லா இருக்கும், அடிச்சா நிக்காது. 35 சதவீதத்துக்கு மேல போட்டிருக்கிற விப்பிங் க்ரீம் வாங்குங்க. க்ரீமையும் கிண்ணத்தையும் நல்லா குளிர வச்சு அடிங்க. பரிமாறுறதுக்கு முன்னாடி பூசினா போதும்.