அக்வாவுக்கு உந்தச் சாமான் பூட்டலாமோ?

கஜன்: மாமா நிக்கிறீங்களோ? ஒரு அலுவல் கேக்கோணும். என்ர ரொயோட்டா அக்வா ஹைபிரிட் காருக்கு ஓப்பின் ஏர் பில்ரரும் பெரிய சைலன்சரும் சேர்த்து 85 ஆயிரத்துக்குப் பூட்டித் தாறன் எண்டு ஒராள் சொல்லுறார். 15 குதிரை வலு கூடுமாம், பெற்றோலும் மிச்சமாம். போன கிழமை கொழும்பால வரேக்க மாங்குளத்தடியில ஒரு லொறியை முந்தப் பாத்தா இழுவையே இல்லை, அதுதான் யோசிக்கிறன்

சின்ன மாமா: நிக்கிறன். காசு ஏதும் குடுத்திட்டியோ? குடுக்காட்டி குடுக்காதை. பொறு, எழுதிறன்

நிரோ: மாமா என்ர பிரெண்ட் பழைய சிவிக்குக்கு இதே மாதிரி போட்டவன், நல்ல வித்தியாசம் எண்டு சொன்னவன்

சின்ன மாமா: அது வெறும் பெற்றோல் கார் நிரோ. ரேர்போ காருக்கு கொம்பியூட்டரை மாத்தி எழுதினால் உண்மையாவே இழுவை கூடும், அதையும் நான் இல்லையெண்ட மாட்டன். அக்வாவின்ர கதை வேற, அதில பெற்றோல் எஞ்சினும் பற்றறியில ஓடுற மின்சார மோட்டரும் ரெண்டும் இருக்கு. எஞ்சின் 1500 சிசி, 74 குதிரை வலு. மோட்டர் 61. ரெண்டையும் கூட்டினால் 135 வரோணும், ஆனா ரொயோட்டாவே மொத்தம் 100 எண்டுதான் போட்டிருக்கு, ஏனெண்டால் பற்றறியால ஒரேயடியா குடுக்கக்கூடியது அவ்வளவுதான். அப்ப நீ லொறியை முந்தேக்க வாற வலுவில காவாசி பின் சீற்றுக்குக் கீழ இருக்கிற பற்றறி குடுக்கிறது. இழுவை இல்லையெண்டால் முதல் பாக்கவேண்டிய இடம் அதுதான், பொனற்றுக்கு உள்ள இல்லை

சின்ன மாமா: இன்னொண்டு. உந்த எஞ்சின் அட்கின்சன் முறையில ஓடுறது. காத்தை இழுத்தாப்பிறகும் இன்ரேக் வால்வை உடன பூட்டாது, பிஸ்ரன் மேல வரேக்க இழுத்த காத்தில ஒரு பங்கைத் திருப்பித் தள்ளிப்போட்டுத்தான் பூட்டும், பெற்றோல் மிச்சம் வாற காரணத்தில அதுவும் ஒண்டு. இழுத்த காத்தையே திருப்பித் தள்ளுற எஞ்சினுக்கு கூடக் காத்து விடுற பில்ரர் பூட்டி என்ன பிரியோசனம்? அதுவும் ஓப்பின் பில்ரர் எண்டால் பொனற்றுக்குள்ள இருக்கிற சூட்டுக் காத்தைத்தான் இழுக்கும், ஓயில் பூசின பில்ரர் எண்டால் அந்த ஓயில் போய் காத்தளக்கிற சென்சரில படியும், பேந்து இருக்கிற இழுவையும் போகும்

கஜன்: சைலன்சர்?

சின்ன மாமா: சைலன்சர் மாத்தி வாற லாபம் கூடச் சுத்துற எஞ்சினுக்குத்தான். அக்வா எஞ்சின்ர உச்ச வலுவே 4800 ஆர்பிஎம்மில. எத்தினை சுத்துச் சுத்தோணும் எண்டதையும் உன்ர கால் முடிவெடுக்கிறேல்லை, கொம்பியூட்டர்தான் எடுக்கும். நீ பெடலை அமத்தினால் இவ்வளவு வலு வேணும் எண்டு கேக்கிறாய், அவ்வளவுதான். சைலன்சர் குழாயில புகையைச் சுத்தமாக்கிற கற்றலிக் கொன்வேட்டரில கை வைச்சால் பி 0420 எண்ட பிழைக் கோட்டோட எஞ்சின் லைற் எரியும், வருசா வருசம் லைசன்ஸ் எடுக்க எமிஷன் ரெஸ்ற் எண்ட புகைச் சோதனை இருக்கு, அதில மாட்டுவாய். 15 குதிரை வலு எண்டு சொல்லுறவரிட்ட எந்த மெசினில அளந்தனீங்கள் எண்டு கேட்டுப்பார்

நிரோ: ஸ்கானர் பூட்டுற ஓபிடி சொக்கற்றில குத்துற பெற்றோல் சேவர் எண்டு ஒண்டு வருதே மாமா, கன பேர் வாங்கீனம்

சின்ன மாமா: ஒண்டைக் கழட்டிப் பாத்தனான். உள்ள சின்னப் போட் ஒண்டு, எல்இடி மினுங்குறதுக்கு. கார்க் கொம்பியூட்டரோட கதைக்கிற வயரே அதில இல்லை

நிரோ: துரொட்டில் கொன்ரோலர்?

சின்ன மாமா: அரைவாசி அமத்தினால் முக்கால்வாசி அமத்தினதெண்டு காருக்குச் சொல்லும், கார் துள்ளுற மாதிரி இருக்கும். கடைசி மட்டும் அமத்தினால் பூட்டினதும் பூட்டாததும் ஒண்டுதான். ரொயோட்டான்ர மற்ற ஹைபிரிட் கார் பிரியசில பவர் மோட் சுவிச் அதைத்தான் சும்மா செய்யுது

சின்ன மாமா: கஜன், பின் சீற்றுக்குக் கீழ கரையில கிறில் மாதிரி ஒரு ஓட்டை இருக்கும், படம் எடுத்துப் போடு

கஜன்: [படம்]

சின்ன மாமா: நினைச்சனான். அதுக்கு முன்னால என்ன பை?

ராணி பெரியம்மா: அது என்ர தம்பி, நல்லூருக்குப் போற பையும் பாயும். எப்பவும் அந்தக் கரையில தான் வைக்கிறனான்

சின்ன மாமா: அக்கா அந்த ஓட்டையாலதான் பற்றறிக்குக் காத்துப் போகோணும். கார் ஏசியில குளிர்ந்த காத்தை ஒரு சின்ன பான் (விசிறி) அதுக்கால இழுத்து பற்றறியைக் குளிர்மையாக்குது. எங்கட புழுதிக்கு அந்தப் பானைக் கழட்டிப் பாத்தீங்களெண்டால் செட்டையே தெரியாது, சேலை நூலும் தலைமயிரும் புழுதியும் சேர்ந்து கம்பளி மாதிரித் திரண்டு செட்டைக்கு நடுவில அடைச்சிருக்கும், குச்சியால தோண்டி எடுக்கோணும். காத்து இல்லாட்டி பற்றறி சூடாகும், சூடானால் கொம்பியூட்டர் பற்றறியிட்ட எடுக்கிற வலுவைக் குறைக்கும், நாலு பேரோட ஏசியும் போட்டுக்கொண்டு மத்தியான வெயிலில மாங்குளத்தில லொறியை முந்தேக்க இவன் தேடின இழுவை அங்கதான் போயிருக்கும். உப்பிடியே ஓடினால் பற்றறி செல் ஒவ்வொண்டாப் போய் பி 0ஏ80 எண்டு பற்றறி மாத்தச் சொல்லுற கோட் வரும், அப்ப 85 ஆயிரம் காணாது

ராணி பெரியம்மா: ஐயோ இப்பவே எடுக்கிறன்

கஜன்: அப்ப வெளிச் சாமான் ஒண்டுமே போடக்கூடாதோ

சின்ன மாமா: அப்பிடிச் சொல்லேல்லை. நல்ல கொம்பனி ஏர் பில்ரர், பிரேக் பாட் எல்லாம் வெளிச் சாமானே காணும். ஸ்பார்க் பிளக் மட்டும் அசல் இரிடியமா எண்டு பாத்து வாங்கு, பெட்டி அச்சு அசலா இருக்கும், உள்ள போலி. ஓயில் 0டபிள்யு20. பெற்றோல் 92 காணும், ஜப்பானில உந்தக் கார் சாதாரண பெற்றோலில ஓடச் செய்தது. ரயர் அகலத்தைக் கூட்டாதை, காத்து கதவடியில ஒட்டியிருக்கிற ஸ்ரிக்கரில உள்ள அளவுக்கு அடி

சின்ன மாமா: கூலன்ற் ரெண்டு ராங்கி இருக்கு, ஒண்டு எஞ்சினுக்கு, மற்றது பற்றறி மின்சாரத்தை மோட்டருக்கு மாத்திக் குடுக்கிற இன்வேட்டருக்கு. ரெண்டுக்கும் கிணத்துத் தண்ணி விடாதை. எங்கட தண்ணி சுண்ணாம்புத் தண்ணி, உள்ள போய்ப் படியும். இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் நோகுது, ஆக்கள் கேக்கிறேல்லை

கஜன்: நானே பானைக் கழட்டித் துடைக்கட்டோ? வீடியோ பாத்தனான்

சின்ன மாமா: வேண்டாம். அந்தப் பற்றறியில 144 வோல்ற் இருக்கு. செம்மஞ்சள் வயர் எங்க கண்டாலும் கை வைக்காதை, முதல் பற்றறி மின்சாரத்தைத் துண்டிக்கிற சேர்விஸ் பிளக்கைக் கழட்டி, பத்து நிமிசம் விட்டுத்தான் வேலை துடங்கோணும். சனி காலமை கராச்சுக்குக் கொண்டுவா, ஸ்கானர் போட்டு பற்றறியின்ர ஒவ்வொரு புளொக் (செல் கூட்டம்) வோல்ரேச்சும் பாப்பம், பலவீனமான புளொக் இருந்தால் இப்பவே தெரியும்

கஜன்: சரி மாமா. அந்தாளுக்கு வேண்டாம் எண்டு மெசேச் போட்டிட்டன்

சின்ன மாமா: நல்லது. சனி வெயிலுக்கு முன்னம் வா, பின் சீற்றைக் கழட்டோணும், காரில இருக்கிற சாமானெல்லாம் இறக்கிப்போட்டு வா