ரோலர் கோஸ்டர் சீட்டும் பெரிய உடம்பும்: உங்கள் அனுபவம் என்ன?

பருமனான உடம்போடு தீம் பார்க் கிளம்புகிற எவருக்கும் முந்தின இரவே ஒரு கேள்வி மனதில் ஓடும்: சீட்டில் ஆளைப் பிடித்துவைக்கும் அந்த லாக் எனக்குப் பூட்டுமா? இத்தனை கிலோ வரை, இத்தனை அங்குல இடுப்பு வரை என்று எழுதிவைக்கும் பூங்காக்கள் குறைவு. எழுதியிருந்தாலும் அந்த எண் பாதிக் கதையைத்தான் சொல்லும். ஒரே எடையுள்ள இருவரில் ஒருவருக்குப் பூட்டும், மற்றவருக்குப் பூட்டாது. சதை உடம்பில் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்த விஷயம் இது.

எனக்கு இடுப்பிலும் தொடையிலும் கனம். என் தம்பிக்கு எல்லாம் வயிற்றிலும் நெஞ்சிலும். மொத்த எடையில் அவன் என்னைவிடக் குறைவுதான். தோளுக்கு மேலிருந்து இறங்கும் லாக் உள்ள ஒரு ரைடில் எனக்குச் சட்டென்று பூட்டிவிட்டது. அவனுக்கு லாக்கையும் சீட்டையும் இணைக்கும் பெல்ட் எட்டவில்லை. ரயில் முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருக்க, இரண்டு ஊழியர்கள் வந்து அவன் நெஞ்சின் மேல் லாக்கை அழுத்தினார்கள். ஒருவர் "மூச்சை நல்லா வெளியே விடுங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். கடைசியில் "சாரி சார், இறங்கிடுங்க" என்றார்கள். நானும் அவனோடு இறங்கிவிட்டேன். அதற்குப் பிறகு அவன் எந்த ரைடுக்கும் வரவில்லை. பைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு மரநிழலில் உட்கார்ந்துவிட்டான்.

ஏற்ற முடியாது என்று சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. பூட்டாத லாக்கோடு யாரையும் அனுப்பக் கூடாது. ஆனால் அதை இவ்வளவு நேரம் வரிசையில் நிற்கவைத்த பிறகா சொல்வது, இத்தனை பேர் பார்க்கவா? வாசலிலேயே ஒரு மாதிரி சீட் இருந்திருந்தால் அவனே உட்கார்ந்து பார்த்துவிட்டு, அடுத்த ரைடுக்கு நடந்திருப்பான். மாதிரி சீட் வைக்கிற பூங்காக்கள் நிறையவே இருக்கின்றன. அதை ஒரு மூலையில், கொஞ்சம் மறைவாக வைக்கிற பூங்காவை நான் மனதார மதிக்கிறேன்.

உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். எந்த வகை லாக், உடம்பில் எந்த இடம் தடுத்தது என்பதையும் சேர்த்து எழுதினால் அடுத்துப் போகிறவர்களுக்கு உதவும்.

மறுமொழி:

அக்கா, உங்கள் தம்பியைப் போலத்தான் நானும். உயரமும் அதிகம், நெஞ்சும் அகலம். தோள் லாக் எனக்குத் தோளிலேயே இடித்து நின்றுவிடும்; வயிறு வரை வருவதற்கு வழியே இல்லை. பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். பி அண்ட் எம் என்று எல்லோரும் சொல்கிற சுவிஸ் நிறுவனத்தின் தோள் லாக் ரயில்கள் பலவற்றில் ஒருசில வரிசைகளை மட்டும் பெரிய உடம்புக்காக ஒதுக்கியிருப்பார்கள். மற்ற சீட்டுகளில் ஒரு பெல்ட் என்றால் அங்கே இரண்டு பெல்ட் இருக்கும், லாக் சற்று மேலே நின்றாலும் எட்டும். எந்த வரிசை என்பது ரைடுக்கு ரைடு மாறும். நடைமேடையில் நிற்கும் ஊழியரிடம் "இரட்டை பெல்ட் எந்த வரிசை?" என்று மெதுவாகக் கேட்டால் போதும், உடனே கை காட்டுவார்கள். முதல் தடவை அப்படிக் கேட்டு உட்கார்ந்து, பூட்டு விழுகிற அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அதே நிறுவனத்தின் உயரமான ரயில்களில் தோள் லாக் கிடையாது, மடிமேல் இறங்கும் ஒற்றைப் பிடி மட்டும்தான். அவற்றில் எனக்குச் சிரமமே இருந்ததில்லை. மடி லாக்கோடு தனியாகக் குட்டையான பெல்ட்டும் உள்ள ரயில்களில்தான் நான் மாட்டிக்கொள்வேன். அங்கே லாக்கை முதலில் இழுத்துவிடாதீர்கள். பின்பக்கம் சீட்டின் மூலையில் முட்டும்வரை நன்றாகத் தள்ளி, நிமிர்ந்து உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுவிட்டுப் பிறகு லாக்கை இறக்குங்கள். பாக்கெட்டில் போன், பர்ஸ் எதுவும் வேண்டாம்.

மறுமொழி:

நான் சில வருடம் ரைடு ஆபரேட்டராக இருந்தவன். அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

மேட்டின் உச்சியைத் தாண்டும்போது ரயில் தண்டவாளத்தோடு சேர்ந்து கீழே இழுபடும். உங்கள் உடம்பு வந்த வேகத்தில் மேலேயே போகப் பார்க்கும், அதனால் சீட்டைவிட்டு எழும்பும். அந்த நொடியில் உங்களைப் பிடித்து நிறுத்துவது தொடையின் மேல் பதிந்திருக்கும் லாக்தான். பெரிய வயிறு லாக்கைத் தாங்கிக்கொண்டால், லாக் இறுக்கமாக இருப்பதுபோலத் தோன்றும், ஆனால் தொடைக்கு மேலே இடைவெளி இருக்கும். தொடை எலும்பு அமுங்காது, வயிறு அமுங்கும். உடம்பு எழும்பும்போது வயிறு அமுங்கி, ஆள் அந்த இடைவெளி வழியாக நழுவ முடியும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2004 மே மாதம் அமெரிக்காவில் சிக்ஸ் ஃபிளாக்ஸ் நியூ இங்கிலாந்து பூங்காவில் சூப்பர்மேன் ரயிலிலிருந்து ஒருவர் விழுந்து இறந்தார். உடல் பருமனால் டி வடிவ லாக் அவர் மடியில் சரியாகப் பதியவில்லை, ஊழியர்களும் அதைச் சரிபார்க்கவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. 2013 ஜூலையில் சிக்ஸ் ஃபிளாக்ஸ் ஓவர் டெக்சஸ் பூங்காவின் டெக்சஸ் ஜயன்ட் ரயிலில் ஒரு பெண் விழுந்து இறந்தார். அதன்பின் அந்த ரயிலில் லாக்கின் மெத்தையை மாற்றினார்கள், சீட் பெல்ட் சேர்த்தார்கள், வாசலில் மாதிரி சீட்டும் வைத்தார்கள். 2022 மார்ச்சில் ஆர்லாண்டோவில் 430 அடி உயர ஃப்ரீ ஃபால் கோபுரத்திலிருந்து 14 வயதுப் பையன் விழுந்தான். அந்த ரைடின் கையேட்டில் எடை வரம்பு 130 கிலோ. பையனின் எடை அதைவிட மிக அதிகம். லாக் முழுதாக இறங்காமலேயே பூட்டியதாகக் காட்டும்படி அவன் சீட்டின் சென்சாரைக் கையால் மாற்றி வைத்திருந்தார்கள். பெரிய ஆட்களை எப்படியாவது ஏற்றிவிட வேண்டும் என்ற நினைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அந்தக் குழந்தையைத் தவிர வேறு சாட்சி வேண்டாம். கோபுரத்தையே பிறகு இடித்துவிட்டார்கள்.

பல ரைடுகளில் லாக் குறிப்பிட்ட அளவு இறங்காமல் கன்ட்ரோல் பேனலில் பச்சை விளக்கு எரியாது. எரியாவிட்டால் ரயில் நகராது, ஆபரேட்டர் இரக்கப்பட்டும் பயனில்லை. அதனால் தயவுசெய்து "இன்னும் கொஞ்சம் அழுத்துங்க" என்று கேட்காதீர்கள். அழுத்திப் பூட்டினால் ரயில் ஓடும்போது விலா எலும்பு வலிக்கும், மூச்சு முட்டும்.

அக்கா சொன்ன அந்தச் சத்தம் போட்ட ஊழியர் செய்தது தப்பு. நான் வேலை பார்த்த இடத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது: குனிந்து, அவர் முகத்துக்குப் பக்கத்தில் போய், அவருக்கு மட்டும் கேட்கும்படி பேசு. எடையைப் பற்றி வாயே திறக்காதே. "இந்த சீட்டில் லாக் பூட்டவில்லை, அந்த வரிசையில் முயற்சி செய்யலாமா" என்று கேள். பயிற்சியில் அதற்கு ஆகும் நேரம் மிகக் குறைவு.

மறுமொழி:

தம்பி, நீங்கள் சொன்னது நியாயம். ஆனால் ஒன்று கேட்கிறேன். எல்லா சீட்டையும் கொஞ்சம் பெரிதாகச் செய்துவிட்டால் என்ன? என் மகன் பதினாறு வயதுக்குள் ஆறடி. பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே கேலி. நண்பர்கள் எல்லோரும் ஏறிக்கொள்ள இவன் மட்டும் இறங்கி வந்ததிலிருந்து சாப்பாட்டையே குறைத்துவிட்டான், பார்க்கவே பயமாக இருக்கிறது.

மறுமொழி:

அம்மா, பையனிடம் இது அவன் உடம்பின் குறை இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். ஆறடிக்கு மேல் வளர்ந்த ஒல்லியான பையன்களையும் தோள் லாக்கில் ஏற்றமுடியாமல் நான் இறக்கியிருக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு: அதே சீட்டில் அடுத்த சுற்றில் நாலடி உயரக் குழந்தை உட்காரும். அகலமான சீட்டும் நீளமான பெல்ட்டும் அந்தக் குழந்தையைப் பிடித்து வைக்காது. ஒரே லாக் இரண்டு பேரையும் காப்பாற்ற வேண்டியிருப்பதால்தான் சில சீட்டுகளை மட்டும் மாற்றுகிறார்கள். மனம் வைத்தால் கட்டி முடித்த ரைடிலும் மாற்ற முடியும். யுனிவர்சலின் ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்சர் பூங்காவில் ஃபார்பிடன் ஜர்னி என்ற ரைடு 2010இல் திறந்தபோது பெரிய உடம்புள்ள பலருக்கு லாக் பூட்டவில்லை. புகார்கள் குவிந்ததும், சில மாதங்களிலேயே ஒருசில சீட்டுகளைத் திருத்தினார்கள்.

மறுமொழி:

பெண்கள் இதைப் பேசத் தயங்குகிறோம், நான் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தடுப்பது மார்பு. தோள் லாக் கீழே வராது, ஊழியர் ஆணாக இருந்தால் அழுத்தச் சொல்லவும் கூச்சம். அவரும் கை வைக்கத் தயங்குவார். நானே இரண்டு கையாலும் பிடித்து, மூச்சை விட்டு, மெதுவாக இழுத்துக்கொள்கிறேன். அவர் பூட்டை மட்டும் சரிபார்த்தால் போதும். பெண் ஊழியரைக் கேட்டாலும் தவறில்லை, நான் கேட்டபோதெல்லாம் முகம் சுளிக்காமல் அனுப்பிவைத்தார்கள்.

இன்னொன்று, கெண்டைக்கால். பைக் மாதிரி குனிந்து உட்காரும் ரைடுகளில் காலுக்குப் பின்னால் ஒரு லாக் வரும். வயிறு, நெஞ்சு எல்லாம் சரியாக இருந்தும் எனக்கு அங்கே பூட்டவில்லை. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதே இல்லை. யாருக்காவது இப்படி நடந்ததா?

மறுமொழி (தொடங்கியவர்):

எனக்கு நடந்தது தோழி, கனம் முழுக்கக் கீழேதானே! டிஸ்னியின் ட்ரான் ரயில் இந்த வகைதான். 2016இல் ஷாங்காயிலும் 2023இல் ஃப்ளோரிடாவிலும் திறந்தார்கள். ஃப்ளோரிடாவில் பைக் சீட்டில் அமர முடியாதவர்களுக்காகச் சில ரயில்களின் கடைசியில் சாதாரண சீட் வைத்த பெட்டி உண்டு. அதில் கால் நீட்டி உட்காரலாம், மடி லாக் மட்டும்தான். எல்லா ரயிலிலும் அது இருக்காது, அதனால் அடுத்த ரயிலுக்குக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்வார்கள். வரிசையில் சேரும்போதே வாசலில் நிற்பவரிடம் கேட்டுவிடுங்கள். வாசலில் மாதிரி பைக்கும் இருக்கிறது, ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

இரட்டை பெல்ட் பற்றி எழுதியவருக்கு நன்றி. தம்பிக்கு அப்படியே அனுப்பியிருக்கிறேன். எந்த ஊர்ப் பூங்கா, எந்த ரைடு என்று திருப்பிக் கேட்டிருக்கிறான். உங்களுக்குப் பூட்டிய ரைடுகளின் பெயரையும் வரிசை எண்ணையும் எழுதினால் அவனுக்குச் சொல்லிவிடுவேன்.