மறு: சூப்பர்சார்ஜருக்கு என்ன சொல்? 'மிகையூட்டி'க்கு என் வாக்கு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவியான சூப்பர்சார்ஜரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற இழை நீண்டுவிட்டது. இப்போது களத்தில் நிற்பவை காற்றழுத்தி, சுழலூட்டி, மிகையூட்டி, அப்புறம் யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்ன துருத்தி. மினி கூப்பர் எஸ் காரின் சூப்பர்சார்ஜரைக் கழற்றிச் சரிசெய்வதற்கு ஒரு தமிழ்க் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதற்காகத்தான் இந்தக் கேள்வியையே இங்கே வைத்தேன். அதனால் அகராதியை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தப் பொருளைப் பிரித்து மேசைமேல் வைத்துக்கொண்டு பேசலாம்.

> "வேலையே காற்றை அழுத்துவதுதானே? ஜெர்மன்காரர்கள் கொம்ப்ரெசர் என்றே சொல்கிறார்கள். மெர்சிடிஸ் காரின் பின்னால் பெயரே ஒட்டியிருக்கிறது. காற்றழுத்தி என்றால் சட்டென்று புரியும்."

கோவை நண்பர் சொல்லும் ஜெர்மன் வழக்கு உண்மைதான். மெர்சிடிஸ் 1921இல் பெர்லின் கண்காட்சிக்குக் கொண்டுவந்த கார்களிலிருந்தே அந்தப் பெயர் வருகிறது. ஆனால் நான் பேசும் காரில் இருப்பது ஈட்டன் நிறுவனத்தின் எம்45. அது ரூட்ஸ் வகை. அதன் வயிற்றுக்குள் காற்று அழுத்தப்படுவதே இல்லை.

உள்ளே இரண்டு சுழலிகள், ஒவ்வொன்றிலும் முறுக்கிவிட்ட மூன்று மடல்கள். மடலுக்கும் உறையின் சுவருக்கும் நடுவே சிக்கும் காற்று, சுவரை ஒட்டியே சுற்றிப் போய் மறுபக்கம் இறங்குகிறது. புறப்பட்டபோது எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததோ, இறங்கும்போதும் அவ்வளவு இடத்தைத்தான் அடைத்துக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் அழுத்தம் எங்கே உண்டாகிறது? வெளியே, இன்ஜினுக்குப் போகும் குழாயில். வந்து சேரும் காற்று முழுவதையும் இன்ஜினால் விழுங்க முடியாததால் அங்கே நெரிசல் ஏற்படுகிறது.

கணக்கைப் பாருங்கள். அந்த இன்ஜின் 1.6 லிட்டர், நான்கு வீச்சு, அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்றை இழுக்கும். கிராங்க் (இன்ஜினின் முதன்மைத் தண்டு) ஒரு சுற்று சுற்றினால் அது தானாக இழுக்கக்கூடியது ஏறத்தாழ 0.8 லிட்டர். எம்45 என்ற பெயரிலுள்ள 45, ஒரு சுற்றுக்கு அது தள்ளும் காற்றைக் கன அங்குலத்தில் சொல்கிறது. லிட்டரில் சுமார் 0.74. புல்லிகளின் அளவு வேறுபாட்டால் கிராங்க் ஒருமுறை சுற்றும்போது இது இரண்டு சுற்றுக்குப் பக்கமாகச் சுற்றிவிடுகிறது. கசிவைக் கழித்தாலும், 0.8 லிட்டர் கேட்கும் வாயில் அதைவிட எவ்வளவோ கூடுதலான காற்று திணிக்கப்படுகிறது. அந்தக் கூடுதல்தான் இந்தக் கருவியின் சாரம். மிகை என்ற சொல் அதைத் துல்லியமாகப் பிடிக்கிறது. அழுத்தம் அதன் விளைவு. அழுத்தி என்று பெயர் வைத்தால், காற்றை உள்ளேயே நசுக்கும் ஏர் கம்ப்ரெசரும் இதுவும் ஒன்று என்று படிப்பவர் நினைத்துவிடுவார். குளிர்சாதனத்தில் இருக்கும் கம்ப்ரெசர் வேறு, அதே காரிலேயே அது தனியாக இருக்கிறது. ஒரே பானட்டுக்குள் இரண்டு அழுத்திகளை வைத்துக்கொண்டு கையேடு எழுத முடியாது.

ஊட்டி என்ற பின்பாதியும் எனக்குப் பிடித்திருக்கிறது. சாதாரண இன்ஜின் தானே மூச்சை இழுத்துக்கொள்கிறது. இந்த இன்ஜினுக்கு வேறொருவர் ஊட்டிவிட வேண்டியிருக்கிறது. முன்னதைத் 'தன்மூச்சு இன்ஜின்' என்று சொல்லிவிட்டால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தானே விளங்கிவிடும்.

> "சுழன்று ஊட்டுவதால் சுழலூட்டி. எளிது, இனிமை."

இனிமை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இதை டர்போவுக்கு ஒதுக்கி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். டர்போவில் புகைபோக்கிக் காற்றுச் சுழலியைத் திருப்புகிறது. அங்கே சுழல் என்பது பெயரிலேயே இருக்க வேண்டிய செய்தி. இன்னொரு காரணமும் உண்டு. ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி40 என்று ஒரு சின்னக் கார் இருந்தது, 1.3 லிட்டர் இன்ஜின். அதன் ஊட்டியில் காற்றைத் தள்ளும் உறுப்பு சுழலாது! உறைக்குள் ஜி எழுத்தைப் போல வளைந்த சுருள் பாதைகள், அவற்றுக்குள் இன்னொரு சுருள் தட்டு. அந்தத் தட்டு தன் அச்சில் சுழல்வதில்லை. திசை மாறாமல் சின்ன வட்டமாகச் சுற்றிவருகிறது, அவ்வளவுதான். பூமி தன்னைத்தானே சுழல்கிறது, சூரியனைச் சுற்றுகிறது என்று பள்ளியில் படித்தோமே, அந்த இரண்டில் பின்னது மட்டும். தமிழ் இவ்வளவு நுட்பமாகப் பிரித்து வைத்திருக்கும்போது, சுழலாத ஒன்றைச் சுழலூட்டி என்று எழுத என் கை வரவில்லை. (பெயரிலுள்ள 40 அந்தச் சுருளின் 40 மில்லிமீட்டர் அகலம். அந்தக் காரை வைத்திருப்பவர்களுக்குச் சுருளின் விளிம்பிலுள்ள சீல் பட்டைகளையும் உள்ளேயிருக்கும் சின்னப் பல் பெல்ட்டையும் காலத்தில் மாற்றுவதுதான் முழுக் கவலை. பெல்ட் அறுந்தால் சுருள் உறையில் மோதி எல்லாம் போய்விடும்.)

'வாரூட்டி' என்ற யோசனையும் வந்திருந்தது, பெல்ட்டால் ஓடுவதால். ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மெர்லின் இன்ஜினில் ஊட்டி பல்சக்கரத்தால் ஓடியது. அதனால் அதுவும் பொருந்தாது.

> "எங்கட கொல்லன் உலையில துருத்தி எண்ட சொல் இருக்கேக்க புதுசா ஏன் செய்ய வேணும்? இங்கிலீசிலயும் புளோவர் எண்டுதானே சொல்லுகினம்."

அண்ணா, இதைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். வரலாறும் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. அமெரிக்காவின் இந்தியானாவில் கானர்ஸ்வில் என்ற ஊரில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்ற அந்த இயந்திரம், காருக்கு வருவதற்கு வெகுமுன்பே உலைகளுக்குக் காற்றூதிக்கொண்டிருந்தது. அதன் முதல் தொழிலே துருத்தித் தொழில்தான். ஆகவே ரூட்ஸ் வகைக்கு மட்டும் 'மடல்துருத்தி' என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. முழு இனத்துக்கும் வைக்க முடியாததற்குக் காரணம், மெர்லினில் இருப்பது மையவிலக்கு வகை, காற்றை வீசியெறிந்து உண்மையாகவே அழுத்துவது. மிகையூட்டி என்பது இனப்பெயர். மடல்துருத்தி, சுருளூட்டி, மையவிலக்கு மிகையூட்டி ஆகியவை அதன் வகைகள். டர்போவையும் பழைய விமானக்காரர்கள் டர்போசூப்பர்சார்ஜர் என்றே அழைத்தார்கள். அதுவும் இதே குடும்பம்தான் என்பது நம் பெயரிலும் தெரியும்.

'மீயூட்டி' என்பதைப் பற்றி ஒரு வரி. மீக்கடத்தி, மீயொலி என்று மீ ஏற்கெனவே நிறைய வேலை செய்கிறது. அங்கெல்லாம் அது இயல்பைத் தாண்டிய ஒன்றைச் சொல்கிறது. இங்கே நடப்பது தேவைக்கு மேல் கொடுப்பது. அதற்கு மிகை போதும்.

சரி, தலைப்புச் சொல்லை விட்டு உள்ளுறுப்புகளுக்கு வருகிறேன். கையேட்டில் உண்மையான சிக்கல் இங்கேதான்.

எல்லாவற்றையும் தமிழாக்க வேண்டும் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். பேரிங், ஆயில் சீல், பெல்ட், புல்லி, வாட்டர் பம்ப் இவற்றை நான் தொடப்போவதில்லை. பட்டறையில் கையை நீட்டி "அந்த பேரிங்கைக் குடு" என்று கேட்பவரிடம் உருள்தாங்கி என்று சொல்லி எதைச் சாதிக்கப்போகிறோம்? ஒரு சொல் வேலையை விளக்கினால் மட்டும் புதிதாக ஆக்குவோம். பைபாஸ் வால்வு நல்ல எடுத்துக்காட்டு. புறவழிச்சாலை என்ற சொல் எல்லார் நாவிலும் இருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது காற்றை ஊட்டியின் வாயிலிலிருந்து வந்த வழியே சுற்றிவிடும் வால்வுக்குப் 'புறவழி வால்வு' என்றால் விளக்கமே தேவையில்லை. அதேபோல, இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கு இடைக்குளிர்வி. லோப் என்பதற்கு மடல், காதுமடலிலும் பூவிதழிலும் ஏற்கெனவே இருப்பது.

இந்தக் காரில் பெரும்பாலும் உயிரை வாங்குவது பி.டி.ஓ. என்ற பகுதி. அதற்கு 'விசையெடுப்புப் பல்லிணை' என்று ஒருவர் பரிந்துரைத்திருக்கிறார். வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். டிராக்டரில் ரோட்டவேட்டர் மாட்டி ஓட்டும் எந்த விவசாயிக்கும் பி.டி.ஓ. தெரியும். இன்ஜினின் விசையை எடுத்து இன்னொரு கருவிக்குக் கொடுப்பது. இங்கேயும் அதே வேலைதான். மினியில் வாட்டர் பம்ப் சூப்பர்சார்ஜரின் பின்புறத்தில் மாட்டியிருக்கிறது. முன்னால் புல்லி சுற்ற, சுழலி சுற்ற, அதன் வால்முனையிலுள்ள பல்சக்கரங்கள் வேகத்தைக் குறைத்துப் பம்பை ஓட்டுகின்றன. காற்றூட்டும் கருவி கெட்டால் இழுவை குறையும், மெல்ல ஓட்டி வீடு போய்ச் சேரலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இங்கே பின்பல் தேய்ந்து போனால் தண்ணீர் ஓட்டமே நின்றுவிடும். வெப்பமானி ஏறும், கவனிக்காவிட்டால் ஹெட் கேஸ்கெட் வரை போகும்.

அந்தப் பற்கள் ஏன் தேய்கின்றன? எண்ணெய் வற்றிப்போவதால். மூக்குப் பக்கம் (புல்லி மாட்டும் முன்பகுதி) ஓர் அறை, பின்பக்கம் பி.டி.ஓ.வுக்கு ஓர் அறை, இரண்டும் இன்ஜின் ஆயிலோடு தொடர்பில்லாதவை. இரண்டையும் சேர்த்தாலும் கால் லிட்டர் வராது. வாழ்நாளுக்கும் போதும் என்று சொல்லி மூடி அனுப்பப்பட்டவை. 2006இல் ஹேட்ச்பேக் தயாரிப்பு நின்றுபோன இந்தத் தலைமுறைக் காருக்கு இத்தனை ஆண்டுகள் கழித்து எந்த வாழ்நாள்? திறந்து பார்த்தால் பின்னறையில் பல நேரம் கறுத்த பிசுக்கும் சகிக்க முடியாத நாற்றமும்தான் இருக்கும். ஆகவே கையேட்டில் முதல் அத்தியாயமே 'அறை எண்ணெய்' மாற்றுவதுதான். இந்தச் சொல்லை எல்லாரும் ஏற்க வேண்டும். வெறும் ஆயில் என்று எழுதினால் இன்ஜின் ஆயிலை ஊற்றிவிடுவார்கள். அங்கே சூப்பர்சார்ஜருக்கென்றே விற்கும் செயற்கை எண்ணெய்தான் போக வேண்டும்.

அடுத்தது நான் மிகவும் கவலைப்படும் இடம். ரீபில்ட், ரீகண்டிஷன், ரீப்ளேஸ் மூன்றும் விளம்பரங்களில் ஒன்றுக்குப் பதில் ஒன்றாகப் புழங்குகின்றன. வாங்குபவர் ஏமாறுவது இந்தக் குழப்பத்தில்தான். உறையைக் கழுவிப் பெயின்ட் அடித்து, எண்ணெய் மட்டும் ஊற்றியதையும் ரீகண்டிஷன் என்று விற்கலாம், யாரும் கேட்க முடியாது. தமிழில் இதைத் தொடக்கத்திலேயே கறாராகப் பிரித்துவிடலாம் என்று ஆசைப்படுகிறேன். அறை எண்ணெயை மட்டும் மாற்றினால் அது 'பராமரிப்பு'. மூக்கின் பேரிங்குகள், ஆயில் சீல், இணைப்பான், பின்னுறையிலுள்ள ஊசி பேரிங்குகள், பி.டி.ஓ. பேரிங்குகள் எல்லாம் புதிதாகப் போட்டால் மட்டுமே 'புதுப்பித்தல்'. உறையோடு முழுதாக வேறொன்றை வைத்தால் 'மாற்றுதல்'. இந்த வரையறை சொற்பட்டியலில் சொல்லுக்குப் பக்கத்திலேயே அச்சாக வேண்டும்.

எப்போது புதுப்பிக்கலாம், எப்போது மாற்றத்தான் வேண்டும் என்பதும் ஒரே ஒரு சொல்லில் அடங்குகிறது: 'இடைவெளி'. இரண்டு சுழலிகளும் ஒன்றையொன்று தொடவே கூடாது. முன்னாலுள்ள இணைசக்கரங்கள் அவற்றை மயிரிழை இடைவெளியில் பிடித்து வைத்திருக்கின்றன. பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு சுற்றினால் நலம். மணல் அரைபடுவது போன்ற உணர்வோ ஆட்டமோ இருந்தால் பேரிங் போயிருக்கிறது, புதுப்பிக்கலாம். மடல்களிலோ உறையின் உட்சுவரிலோ உரசிய கோடுகள் இருந்தால் இடைவெளி போய்விட்டது. பேரிங் மாற்றினாலும் கசிவு நிற்காது, பணத்தை மாற்றுதலில் போடுங்கள். பின்பல் மழுங்கியிருந்தால் பல்சக்கரமும் வாட்டர் பம்பும் சேர்ந்தே போக வேண்டும். புதிய பம்பின் முனையை மழுங்கிய பல்லோடு சேர்த்தால் அது நிலைக்காது.

புல்லி அழுத்திப் பொருத்தப்பட்டது, திருகு கிடையாது. அதற்கான இழுப்பான் இல்லாமல் சுத்தியலால் தட்டக் கூடாது. தட்டினால் மூக்கின் பேரிங்தான் அடி வாங்கும். புல்லர் என்பதற்கு 'இழுப்பான்' என்று எழுதியிருக்கிறேன். யாருக்கும் ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன்.

இதுவரை 'மூக்கு' என்று எழுதிவந்தேன், கவனித்திருப்பீர்கள். புல்லி மாட்டும் நீண்ட முன்பகுதிக்கு முகப்புக்குழல், முன்னுறை என்று இரண்டு யோசனைகள் வந்தன. படத்தைப் பார்த்த யாரும் மூக்கு என்றே சொல்வார்கள். "மூக்கில் எண்ணெய் ஒழுகுகிறது" என்று எழுதினால் முன்சீல் போய்விட்டது என்று பட்டறைக்காரருக்கு அந்த நொடியே தெரிந்துவிடும். இதற்கு இலக்கணப் பெயர் தேடுவதை நான் எதிர்க்கிறேன்.

எனக்கு இன்னும் விடை கிடைக்காத ஒன்று, போலோ ஜி40இல் சுழலாமல் சுற்றும் அந்தச் சுருள் தட்டு. சுழலி என்று சொல்ல முடியாது. சுற்றி என்றால் பேச்சில் வேறு பொருள் வந்துவிடுகிறது. 'வலம்வரித் தட்டு' என்று ஒரு நினைப்பு ஓடுகிறது, ஆனால் சங்கு நினைவுக்கு வந்துவிடுகிறது. அண்ணா, உங்கள் பக்கத்து ஆலைகளிலோ செக்கிலோ இப்படித் திரும்பாமல் வட்டமிடும் உறுப்பு எதற்காவது பெயர் உண்டா? விசாரித்து எழுதுங்கள். அது வரும்வரை அந்த அத்தியாயத்தை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன்; மற்றவை மிகையூட்டி என்ற சொல்லோடு இந்த வார இறுதியில் குழுவின் கோப்புறைக்கு வரும்.

அன்புடன்.