புதுப்பிப்பு: ‘குரங்கின் பாதம்’ வாசிப்பு எப்படி நடந்தது

எங்கள் வாசகர் வட்டத்தின் அமானுஷ்யக் கதை மாதத்துக்கு எதை எடுக்கலாம் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பலரும் சொன்னபடி ஆங்கில எழுத்தாளர் டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902-இல் எழுதிய ‘குரங்கின் பாதம்’ கதையையே சென்ற ஞாயிறன்று வாசித்தோம். மூன்று வரங்கள் தரும் ஒரு குரங்கின் பாதம், மகனோடு வாழும் வயதான தம்பதியரின் கைக்கு வந்துசேரும் கதை அது.

பேய் கண்ணில் படாத கதை இன்றைய வாசகர்களிடம் எடுபடாது என்று அப்போது எழுதியிருந்தேன். அது என் தவறான கணிப்பு. முதல் வரமாகக் கேட்ட 200 பவுண்டு, ஆலை இயந்திரத்தில் சிக்கி இறந்த மகனுக்கான இழப்பீடாக வந்துசேரும் இடத்தைப் பெரும்பாலோர் முன்பே ஊகித்துவிட்டார்கள். ஆனால், மகன் உயிரோடு திரும்ப வேண்டும் என்று இரண்டாவது வரம் கேட்டபின், கதவு தட்டப்படும் ஓசை கேட்டுத் தாய் கீழே ஓட, மேலிருக்கும் தாழ்ப்பாள் எட்டாமல் அவள் நாற்காலியை இழுத்துவரும் சத்தம் மாடியில் கணவருக்குக் கேட்க, அவரோ இருட்டில் மண்டியிட்டு அந்தப் பாதத்தைத் துழாவும் பகுதியை உரக்க வாசித்தபோது, தேநீர்க் கோப்பையை எடுக்கக்கூட ஒருவரும் அசையவில்லை.

விவாதம் சூடுபிடித்தது மூன்றாவது வரத்தில்தான். தந்தை என்ன வேண்டினார் என்பதை ஜேக்கப்ஸ் சொல்வதே இல்லை. தட்டும் ஓசை சட்டென நிற்கிறது, கதவைத் திறந்தால் தெருவிளக்கின் ஒளியில் வெறிச்சோடிய சாலை மட்டுமே. எல்லாம் தற்செயல் என்று வாதிட்ட ஒரு நண்பரை (அவர் வழக்கறிஞர் என்பதையும் சொல்லியாக வேண்டும்) கடைசிவரை யாராலும் மடக்க முடியவில்லை.

அடுத்த மாதத்துக்குப் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யை முடிவு செய்திருக்கிறோம்.