அடுத்த நூலில் நமக்கு என்ன வேண்டும்? – சனிக்கிழமை ஆட்டக் குழு

அக்கா: எல்லோருக்கும் வணக்கம். நம் கதை இன்னும் சில வாரங்களில் முடிந்துவிடும் என்பதால், நாம் கதாபாத்திரங்களாக நடித்து ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை ஆட்டத்துக்கு இனி வரும் நூல்களில் எதற்குப் பணம் சேர்ப்பது என்று இப்போதே பேசிவிடலாம். 2024 செப்டம்பரில் ஆட்டக்காரர் கையேடு, நவம்பரில் ஆட்டத்தை நடத்துபவருக்கான டன்ஜன் மாஸ்டர் வழிகாட்டி, 2025 பிப்ரவரியில் எதிர்கொள்ளும் உயிரினங்களைத் தொகுத்த மான்ஸ்டர் மேனுவல் என்று அடிப்படை நூல்கள் மூன்றும் புதுப்பிக்கப்பட்டுவிட்டன. விதிகளுக்கு இனிப் பஞ்சமில்லை.

தம்பி: எனக்கு டார்க் சன் என்ற கதையுலகத்துக்கான நூல் வேண்டும், அக்கா. 1991இல் வந்த அந்த ஆதாஸ் உலகில் சூரியன் மங்கிக்கொண்டிருக்கிறது, உலோகம் கிடைப்பதே அரிது, மந்திரம் செடிகொடிகளின் உயிரிலிருந்துதான் ஆற்றல் எடுக்கிறது. அளவு மீறினால் மண்ணே சாம்பலாகிவிடும். 2010இல் ஆட்டத்தின் நான்காம் பதிப்புக்கென நூல்கள் வந்ததோடு சரி. மனவலிமையால் போரிடும் கதாபாத்திரங்கள் இல்லாமல் அந்த உலகத்தை எழுத முடியாது. 2017இல் சோதனைக்கு விட்ட மிஸ்டிக் என்ற வகுப்பை, அதாவது கதாபாத்திர வகையை, கைவிட்ட பதிப்பாளர்கள், 2025இல் சையான் என்ற பெயரில் மீண்டும் ஒன்றைச் சோதனைக்குக் கொண்டுவந்ததால் எனக்கு நம்பிக்கை பிறந்திருக்கிறது.

மாமா: அந்த உலகில் அடிமைச் சந்தைகளும் மந்திரவாத மன்னர்களும் இருக்கிறார்களே, அதை எப்படி எழுதுவார்கள்?

தம்பி: மறைக்காமல் எழுத வேண்டும், மாமா. அந்தக் கொடுமையை அலங்காரமாகக் காட்டாமல், அதை எதிர்த்து அந்த மன்னர்களை வீழ்த்துவதையே கதையின் நடுவில் வைத்தால் அதைவிடச் சிறந்த நூல் இருக்காது.

அக்கா: உன் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் 2022இல் ஸ்பெல்ஜாமர் என்ற விண்வெளிக் கதையுலகம் எப்படி வந்தது என்பதை நினைத்துப் பார். அறுபத்து நான்கு பக்கங்கள் கொண்ட மூன்று நூல்களாகப் பிரித்தார்கள். ஒன்று உலகத்துக்கு, ஒன்று உயிரினங்களுக்கு, ஒன்று சாகசக் கதைக்கு. விண்வெளிக் கப்பல்களின் வரைபடங்கள் அழகாக இருந்தன, ஆனால் இரண்டு கப்பல்கள் எதிர்ப்பட்டால் எப்படிப் போரிடுவது என்பதற்கான விதிகள் மிகக் குறைவு. டார்க் சன்னுக்கும் அதே கதி நேர்வதை நான் விரும்பவில்லை. உலகம் குறைவாக வந்தாலும் பரவாயில்லை; வருவது ஆழமாக வர வேண்டும்.

தம்பி: ஆட்டக்காரர்கள் எண்ணிக்கையில் அதிகம் என்பதால், வகுப்புகளுக்குப் புதிய உட்பிரிவுகளும் மந்திரங்களும் உள்ள நூல்தான் விற்கும் என்று அவர்கள் கணக்குப் போடுவது இயல்புதானே?

அக்கா: ஒவ்வொரு குழுவிலும் ஆட்டத்தை நடத்துபவர் ஒருவர்தான், தம்பி, அவர் களைத்துப்போனால் மற்றவர்களின் உட்பிரிவுகளுக்கு வேலையே இல்லை. 1983இல் வந்த ரேவன்லாஃப்ட் சாகசம் முப்பத்திரண்டே பக்கங்கள். 2016இல் அதை விரித்து எழுதிய கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட் இருநூற்று ஐம்பத்தாறு பக்கங்கள். இரண்டாவது எனக்கு மிகவும் பிடித்த நூல், ஆயினும் அதில் ஒரே கதாபாத்திரத்தைப் பற்றிய செய்திகள் பல அத்தியாயங்களில் சிதறிக் கிடப்பதால், ஆட்டத்துக்கு முந்தைய இரவுகளில் அவற்றைத் தொகுத்து எழுதுவதே எனக்குப் பெரிய வேலையாக இருந்தது. ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸ் என்ற ஆட்டத்தைப் போல சிறிய பதிப்பகத்தார் வெளியிடும் நூல்களில், ஒரு பொருளுக்கு வேண்டியதெல்லாம் எதிரெதிரான இரண்டு பக்கங்களிலேயே அடங்கும்படி அமைக்கிறார்கள். அவர்களால் முடிவது பெரிய நிறுவனத்தால் ஏன் முடியாது?

சித்தி: ஆழம் என்று நீ சொன்னதும் எனக்கு ரேடியண்ட் சிட்டடல் என்ற சாகசத் தொகுப்புதான் நினைவுக்கு வந்தது. 2022இல் வந்த அந்தப் பதின்மூன்று சாகசங்களுள் வங்காளச் சாயலில் அமைந்த மணிவர்ஷா கதையும் ஒன்று. ஆறுகள் பாயும் அந்த நாட்டைப் பற்றி இறுதியில் சில பக்கக் குறிப்பு மட்டுமே கொடுத்துவிட்டு அடுத்த கதைக்குப் போய்விட்டார்கள். 1977ஆம் ஆண்டு மான்ஸ்டர் மேனுவலிலிருந்தே ராட்சசன் இந்த ஆட்டத்தில் இருக்கிறான், ஆனால் அவன் வந்த மண்ணுக்கென்று ஒரு முழு நூல் வேண்டும். அங்கே பிறந்து வளர்ந்தவர்களே, வெள்ளக் காலத்தில் படகுகள் எங்கே ஒதுங்கும், சந்தையில் என்ன விற்கும், ஊர்க்காவல் தெய்வத்துக்கு யார் படையல் வைப்பார்கள் என்பது வரை எழுதினால், நான் தனியாகவே பணம் கொடுத்து வாங்கிவிடுவேன்.

நான்: கதாபாத்திரங்கள் வலிமை பெற்று ஏறும் உயர்ந்த லெவல்களையும் மறந்துவிடாதீர்கள், சித்தி. கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட் பத்தாம் லெவலோடும், டூம் ஆஃப் அனைஹிலேஷன் பதினொன்றோடும் முடிந்துவிடுகின்றன. வெக்னா என்ற வில்லனைப் பற்றிய 2024ஆம் ஆண்டு நூல் இருபதாம் லெவல் வரை சென்றாலும், அப்படிப்பட்டவை மிகச் சிலவே.

மாமா: என் கோரிக்கை உள்ளடக்கத்தைப் பற்றியது அன்று. 2023 ஜனவரியில், பிறர் இந்த ஆட்டத்தின் விதிகளைப் பயன்படுத்த அளித்திருந்த உரிமத்தைப் பதிப்பாளர்கள் மாற்ற முயன்றபோது ரசிகர்கள் கொதித்தெழுந்ததால்தான், அடிப்படை விதித் தொகுப்பை, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டார்கள். அதில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் உட்பிரிவுதான் இருக்கிறது. இனி வரும் ஒவ்வொரு நூலிலிருந்தும் ஒரு பகுதியாவது அந்தத் தொகுப்பில் சேர வேண்டும். சித்தி கேட்கும் அந்த நூலை யாராவது தாமாகவே எழுத முன்வந்தாலும் அது கைகொடுக்கும்.

சித்தி: நான் அப்படி யோசிக்கவே இல்லை, அண்ணா. அந்தத் தொகுப்பை இங்கே அனுப்பி வையுங்கள்.

அக்கா: அப்படியானால் சோதனை விதிகளுக்கான அடுத்த கருத்துக்கணிப்பு வரும்போது, தம்பி சையானைப் பற்றி விரிவாக எழுதட்டும், நூல் அமைப்பைப் பற்றி நான் எழுதுகிறேன். டார்க் சன் அறிவிக்கப்பட்டால், பக்க எண்ணிக்கையைப் பார்த்த பிறகே பணம் சேர்ப்போம்.