நாட்டுத் துப்பாக்கிக் குழலில் துரு திரும்பத் திரும்ப வருகிறது, என்ன செய்யலாம்?

அஞ்செட்டி மானாவாரி:
வணக்கம். ராகியும் நிலக்கடலையும் போடுகிற குடும்பம். பயிர்ப் பாதுகாப்புக்காக அப்பா வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி, இப்போது உரிமம் என் பெயரில் இருக்கிறது. குழலின் வாய்வழியாக வெடிமருந்து போட்டு இடிக்கிற பழைய வகை, நிப்பிள் என்கிற துளை முனையில் பொறி தருகிற சின்னக் கேப் வைத்து வெடிப்பது. கதிர் பிடிக்கும் சமயத்தில் பன்றியை விரட்ட வெற்று வேட்டு போடுவதோடு சரி.

ஒவ்வொரு முறையும் மண்ணெண்ணெயில் துணியை நனைத்துக் குழலைத் துடைத்து, தேங்காய் எண்ணெய் விட்டுத்தான் வைக்கிறேன். ஆனாலும் கொஞ்ச நாளில் துணி விட்டுப் பார்த்தால் அடியில் செம்மண் நிறத்தில் வருகிறது. நிப்பிளைச் சுற்றியும் துரு. எண்ணெய் போட்டும் ஏன் இப்படி?

பாலக்கோடு பழசு:
தம்பி, முதலில் உள்ளே மருந்து இல்லை என்று உறுதி செய்யுங்கள். குழலுக்கு வெளியே இடிகம்பியை வைத்து அடிவரை எவ்வளவு நீளம் என்று பாருங்கள், அப்புறம் உள்ளே விட்டுப் பாருங்கள். கம்பி அடிவரை இறங்காமல் நின்றால் எதையும் நோண்டாதீர்கள். உரிமம் உள்ள துப்பாக்கிப் பட்டறைக்காரரிடம் கேளுங்கள்.

குழல் காலி என்றால் எண்ணெயைக் குறை சொல்லிப் பயனில்லை. அதற்கு அடியில் உப்பு கிடக்கிறது. நீங்கள் போடுகிற கருமருந்தில் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்), மீதி கரியும் கந்தகமும். எரிந்த பிறகு பாதிக்கு மேல் வாயுவாக மாறுவதில்லை, பெரும்பாலும் பொட்டாசியம் உப்புகளாக மிஞ்சுகிறது; அதில் ஒரு பகுதி புகையோடு வெளியே போகும், மீதி குழலிலேயே படியும். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். மண்ணெண்ணெயில் உப்பு கரையாது, தண்ணீரில்தான் கரையும். நீங்கள் உப்பை உள்ளே வைத்து மேலே எண்ணெய் பூசி மூடுகிறீர்கள்.

அரூர் ரவை:
இரும்பில் தண்ணீர் ஊற்றச் சொல்கிறீர்களா? எங்கள் ஊரில் பழைய எஞ்சின் ஆயில்தான் விடுவார்கள்.

பாலக்கோடு பழசு:
ஆமாம், தண்ணீர்தான். ஓடித் தேய்ந்த எஞ்சின் ஆயிலில் கரியும் அமிலமும் இருக்கும், அதைத் தொடவே வேண்டாம். உப்புத் தாள் போட்டுத் தேய்ப்பதும் கூடாது.

கழற்ற வருகிற குழலென்றால் கட்டையிலிருந்து கழற்றிக்கொள்ளுங்கள், மரம் நனையக் கூடாது. நிப்பிளை அதற்கான சாவியால் கழற்றி, சோப்பு கலந்த வெந்நீரில் போடுங்கள். குழலின் அடிப்பக்கத்தை வாளித் தண்ணீரில் வைத்து, கம்பியில் இறுக்கமாகத் துணி சுற்றி மேலும் கீழும் இழுங்கள். நிப்பிள் துளை வழியாகத் தண்ணீர் உறிஞ்சி ஏறி இறங்கும். முதல் வாளி மை மாதிரி கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பயப்படாதீர்கள், அது கந்தகக் கழிவு. தண்ணீர் தெளிகிறவரை மாற்றிக்கொண்டே இருங்கள். ஏற்கெனவே பிடித்த துருவுக்குப் பித்தளைப் பிரஷ் போதும். புளி, எலுமிச்சை என்று கிளம்பிவிடாதீர்கள்.

உடனே காய்ந்த துணி, அது ஈரமில்லாமல் வரும்வரை. கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் சீக்கிரம் உலரும் என்பது உண்மைதான். ஆனால் எண்ணெய் போடும் முன்பே மெல்லிய ஆரஞ்சுத் துரு படர்ந்துவிடும். கை பொறுக்கும் சூடு போதும். அப்புறம் தையல் மிஷின் எண்ணெயைத் தொட்டுத் துடையுங்கள்.

பென்னாகரம் ஆறு:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்துப் போர்த் தண்ணீரில் உப்பு அதிகம். கடைசி அலசலுக்கு ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரோ மழைத் தண்ணீரோ கிடைத்தால் நல்லது. தேங்காய் எண்ணெயும் உங்கள் ஊருக்குச் சரிப்படாது. 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழியில் அஞ்செட்டி, தளிப் பக்கம் பாட்டிலிலேயே கட்டியாக நிற்பதைப் பார்க்கிறோமே. நல்லெண்ணெயும் வேண்டாம், நாளானால் பிசின் பிடிக்கும்.

துப்பாக்கியை எங்கே வைக்கிறீர்கள்?

அஞ்செட்டி மானாவாரி:
கூடத்தை ஒட்டிய அறையில் பூட்டி வைக்கிறேன் அண்ணா. பழைய போர்வைத் துணியில் சுற்றி, அலமாரியில். அதே அறையில் உர மூட்டைகளும் இருக்கின்றன.

பென்னாகரம் ஆறு:
யூரியா, பொட்டாஷ் மூட்டைகள் இருக்கும் அறையில் ஆணிகூடத் துருப்பிடிக்கும். மூட்டைகளை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். போர்வையும் ஈரம் வாங்கும், அதை எடுத்துவிடுங்கள். குழல் வாய் கீழே பார்த்தபடி நிறுத்தினால், மிஞ்சிய எண்ணெய் அடியில் போய்த் தேங்காது. பூட்டு பூட்டாகவே இருக்கட்டும்.

அஞ்செட்டி மானாவாரி:
அண்ணன்கள் சொன்னபடியே செய்து ஒரு வாரம் கழித்துப் பார்த்தேன். வெள்ளைத் துணி லேசான சாம்பல் நிறத்தில்தான் வந்தது, செம்மண் நிறம் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்ததில் அடியில் சின்னச் சின்னக் குழிகள் தெரிகின்றன. அதற்கும் பிரஷ் போட்டுத் தேய்க்கலாமா?

பாலக்கோடு பழசு:
வேண்டாம். குழி தேய்த்துப் போகாது, இரும்புதான் மெலியும். வெடிக்கும்போது அழுத்தம் அதிகம் விழுவதே அந்த அடிப்பக்கத்தில்தான். உரிமம் உள்ள பட்டறையில் காட்டி, அவர் சரி என்று சொல்லும்வரை வேட்டு வேண்டாம். தகரம் தட்டிப் பன்றியை விரட்டுங்கள். மழைக்காலம் முழுக்க மாதம் ஒரு தடவை துணி விட்டுப் பாருங்கள். மறுபடி பயன்படுத்தும் நாளில் குழலிலும் நிப்பிள் துளையிலும் இருக்கிற எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்த பிறகே மருந்து போட வேண்டும், இல்லையென்றால் கேப் வெடிக்கும், மருந்து பற்றாது.