“எங்கள் மட்டக்களப்புத் தாரா” என்று எழுதலாமா?

கல்லடி அக்கா:
லண்டனில் மகள் வீட்டில் நின்றபோது பிரித்தானிய நூதனசாலைக்குப் போய், 33ஆம் அறையில் எங்கள் மட்டக்களப்புத் தாராவை, அதாவது தாரா என்ற பௌத்தப் பெண் தெய்வத்தின் சிலையை, பார்த்து வந்தேன். 143 சென்ரிமீற்றர் உயரம், பொன்முலாம் பூசிய வெண்கலம். வலக்கை வரம் தருவதுபோலத் தாழ்ந்திருக்கிறது. இடக்கை, பிடித்திருந்த பூ நழுவிப் போனதுபோல, விரல்கள் மடங்கியபடி வெறுமையாக இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது.

மூதூர்க் கரை:
அக்கா, “எங்கள் மட்டக்களப்பு” என்று உறுதி எழுதித் தந்தவர் யார்? அது திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கிடைத்தது என்றே சொல்லப்படுகிறது. இடையில் என்றால் இடையில்.

வாவிக்கரையான்:
வெருகல் ஆற்றைத் தாண்டித் தெற்கே வந்தால் கதிரவெளி, வாகரை, பனிச்சங்கேணி எல்லாமே மட்டக்களப்பு மாவட்டம்தான். அவையும் இடையில்தான் இருக்கின்றன என்பது மூதூரிலிருந்து பார்த்தால் தெரியாது போலும்.

மூதூர்க் கரை:
வெருகலுக்கு வடக்கே ஈச்சிலம்பற்றும் மூதூரும் இடையில்தான் இருக்கின்றன. கண்டியைப் பிடித்த தேசாதிபதி பிரவுண்றிக் 1830இல் சிலையை லண்டனுக்குக் கொடுத்தபோது, வெருகலின் எந்தக் கரையில் எடுத்தது என்று உங்களுக்கு மட்டும் காதில் சொல்லிவிட்டா கொடுத்தார்?

அக்கரைப்பற்று வாசகன்:
சிலை 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அன்று இந்த மாவட்ட எல்லைகளே இல்லை. “எங்கள்” என்று சொல்வது கிடைத்த இடத்தை வைத்தா, வார்த்த கையை வைத்தா, வணங்கிய மக்களை வைத்தா என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு பேசினால் நல்லது.

மூதூர்க் கரை:
தீர்மானிக்க ஒன்றுமில்லை நாநா. இடையில் என்றிருக்கிறது.

வாவிக்கரையான்:
எருமைத் தயிர் விவாதத்திலும் இவர் இப்படித்தான் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் தொங்கினார். கொழும்புக்கு மாதாமாதம் போகிறவர், 1877இல் திறந்த நூதனசாலைக்குள் ஒரு தடவையாவது நுழைந்திருப்பாரா? வாசலில் படம் பிடித்துப் போட்டதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

மூதூர்க் கரை:
உள்ளேயும் போனேன். அங்கிருந்து லயனல் வென்ட் அரங்கின் ஓவியக் காட்சிக்கும் போனேன். அங்கே ’43 குழு என்ற இலங்கை ஓவியர் குழுவைப் பற்றி நான் கேட்ட கேள்விக்கு, உடன் வந்த வாவிக்கரையார் சிற்றுண்டிச்சாலை எங்கே என்று பதில் சொன்னார். அது கிடக்கட்டும், இடையில் என்ற சொல்லுக்கு இன்னும் மறுமொழி வரவில்லை.

வாவிக்கரையான்:
அன்று காலையிலிருந்து பட்டினி. அதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

கல்லடி அக்கா:
தம்பிமாரே, அதே நூதனசாலையில் எகிப்திலிருந்து வந்த ரொசெற்றாக் கல்லைச் சுற்றி ஆட்கள் ஒருவர் தோளுக்கு மேலால் ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, இந்த அறையில் நான் தாராவின் முன்னால் அரை மணித்தியாலம் தனியாக நின்றேன். மேலுடல் திறந்திருப்பதால் முப்பது வருடங்களுக்கு மேல் அறிஞர்களுக்கு மட்டும் காட்டி, உள்ளே பூட்டி வைத்திருந்தார்களாம். அதைப் பற்றி ஒருவருக்கும் கோபமில்லை, எல்லைக்கு மட்டும் இவ்வளவு கோபமா? நான் எழுதியதை மாற்றமாட்டேன்.

மூதூர்க் கரை:
கோபம் வேறு, இடம் வேறு அக்கா. “திருகோணமலை மட்டக்களப்புத் தாரா” என்று திருத்தினால் நான் பேசாமல் போய்விடுவேன்.

வாவிக்கரையான்:
திருகோணமலையை ஏன் முன்னால் போடவேண்டும்?

மூதூர்க் கரை:
வடக்கிலிருந்து தெற்காக எழுதினேன். வரைபடத்தைப் பாருங்கள்.

வாவிக்கரையான்:
நாங்கள் தெற்கிலிருந்துதான் எழுதுவோம்.